தொண்ணூற்று மூன்று

நூறு என்ற எண்ணை முதலில் வாய்விட்டுச் சொன்னது அப்பாவா மகனா என்பது இதைச் சொல்கிறவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. குன்-ஹோங்கைக் கேட்டால் தான்தான் என்பான். அவன் அம்மாவோ, இல்லை, கிழவர்தான் சொன்னார் என்பாள். அன்று அடுப்படியில் இருந்தது மூன்று பேர். அவர்களில் ஒருவர் இப்போது இல்லை. மற்றதெல்லாம் ஓரளவுக்குச் சரியாகவே நினைவிருக்கிறது. நவம்பர் மாதம், மழை, வேன், வழியில் வந்த பாலங்கள்.

“அப்பா, பாலம் வருது,” என்றான் குன்-ஹோங், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணாடியைப் பார்க்காமல்.

“பாலம் வருதுப்பா,” என்று பின்னாலிருந்து அக்கா யூ-சின்னும் சொன்னாள்.

சக்கரங்கள் பாலத்தின் இணைப்புகளில் இரண்டு தடவை தட்டி இறங்கின. அது யீலான் நகரை விட்டபின் வந்த நாலாவது பாலம். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியபோது மணி பன்னிரண்டு பத்து.

வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டிருந்தார்கள். அதில் லாய் தியென்-ஃபா கிடந்தார். தலைமாட்டில் மண்டியிட்டிருந்த யூ-சின் ஒரு கையால் மூச்சுமூடியை அப்பாவின் முகத்தில் அழுத்திப் பிடித்து, மறு கையால் மூச்சு ஊட்டும் ரப்பர் பையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஐந்து எண்ணுவதற்கு ஒரு தடவை. முதியோர் காப்பகத்தில் பதினோரு வருடம் வேலை செய்தவள் என்பதால் நர்ஸ் அவளிடம் அதிகம் சொல்லவில்லை. “ஆக்ஸிஜன் சிலிண்டர் மூணரை மணி நேரம் வரும். உங்க ஊருக்கு எவ்வளவு நேரம்?” என்று மட்டும் கேட்டாள். மூணு மணி நேரம் என்றாள் யூ-சின். நர்ஸ் சிலிண்டரை இன்னொரு பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

மலைக்கு வருகிற ஆம்புலன்ஸ் வேறொரு வீட்டுக் கிழவியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சாயங்காலம்தான் திரும்பும். சாயங்காலம் வரை அவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

ஊர் வழக்கப்படி, மூச்சு இருக்கும்போதே வாசற்படியைத் தாண்டிவிட வேண்டும். வழியில் முடிந்துபோனால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடத்துவார்கள். மலைமேல் லிஷானில் அந்த வீட்டைக் கட்டியது அவர்தான். இருபத்திரண்டு வயதில் சமவெளியிலிருந்து ஏறி வந்து, பேரிக்காய்க் கன்று நட்டு, ஆற்றுக் கல்லை முதுகில் சுமந்து எழுப்பியது. ஒன்பது நாளுக்கு முன் ஆம்புலன்ஸில் ஏற்றியபோது, பாதி வாய் இழுத்துக்கொண்ட நிலையில், அவர் கடைசியாகப் பேசியதும் அதைத்தான். “என்னை வெளியில போட்டுடாதீங்கடா.” ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வேனில் இறங்கி வந்த குன்-ஹோங் அதற்கப்புறம் மலையேறவே இல்லை. வேனிலேயே தூங்கி, ஆஸ்பத்திரிக் குழாயில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

செல்போன் அடித்தது. அம்மா.

“எங்க வர்றீங்க?”

“நான்ஷான் தாண்டப் போறோம்மா.”

“முட்டைக்கோஸ் தோட்டம் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“கூடத்துல அவரைக் கிடத்தப் பலகை போட்டுட்டேன். சாமி கண்ணுல படாம இருக்க மாடத்தைச் சிவப்புத் தாள் வெச்சு மூடிட்டேன். மெதுவா வா. வேகமா வந்து நீயும் போய்ச் சேர்ந்துடாத.” பிறகுதான் அதைக் கேட்டாள்: “இருக்காரா?”

“இருக்காரும்மா.”

நான்ஷானுக்கு அப்பால் சாலை எழுந்து நின்றுகொள்கிறது. சு-யுவான் கணவாய் வரை அப்படித்தான். மேகம் சாலையிலேயே படுத்திருந்தது. குன்-ஹோங் இரண்டாம் கியருக்கு மாற்றினான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அவன் தானே பொருத்திய சின்ன மீட்டரில் சிவப்பு எண்கள். தொண்ணூற்றாறு. ஒரு வளைவு. தொண்ணூற்றெட்டு. இன்னொரு வளைவு. நூறு.

அந்த மீட்டர் வந்த கதை இது. ஜூன் மாதம் பீச் பழப் பெட்டிகளை ஏற்றி வரும்போது வேனின் என்ஜின் கொதித்து, அதன் மேல்பாகமான ஹெட் வளைந்துபோனது. வண்டியோடு வந்த சூட்டுமானியின் முள் கடைசிவரை நடுவிலேயே நின்று ஏமாற்றிவிட்டது. மூன்று வாரம் தன் பட்டறையில் என்ஜினைப் பிரித்துப் போட்டுக் கிடந்தான் குன்-ஹோங். மறுபடி ஏமாறக் கூடாது என்றுதான் எண் காட்டும் மீட்டர் வாங்கினான். சூட்டை உணரும் சென்சார் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் கிடைத்தது. விரல்நுனி அளவுப் பித்தளைத் துண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எந்தச் சூட்டில் எத்தனை ஓம் என்ற அட்டவணை அதோடு வரவில்லை. இரண்டு இடத்தில் தானே அளந்து மீட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். ஐஸ் தண்ணீரில் ஒன்று, கொதிக்கிற தண்ணீரில் ஒன்று.

அதை வீட்டு அடுப்படியில் செய்தார்கள். அப்பா முக்காலியில் உட்கார்ந்து, மல்ட்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண் வாசித்தார். குன்-ஹோங் இடுக்கியால் சென்சாரைப் பிடித்துக்கொண்டான்.

“அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம்,” என்றார் அப்பா, ஐஸ் கிண்ணத்தில்.

“நிலையா நிக்குதாப்பா?”

“உன் கல்யாணப் பேச்சு மாதிரி நிக்குது. அசையவே இல்ல.”

பிறகு சட்டி அடுப்பில் ஏறியது.

“டேய், நான் ராத்திரி சூப் வைக்கிற சட்டிடா அது,” என்றாள் அம்மா.

“கொஞ்சம் உப்பு போடு. பித்தளையும் வெந்துடும்,” என்றார் அப்பா.

“உப்பு போட்டா கொதிக்கிற சூடு மாறிடும்பா. கணக்குத் தப்பாயிடும்.”

அத்தனை கவனம் அவனுக்கு. சென்சார் சட்டியின் அடியில் படக்கூடாது என்று தூக்கிப் பிடித்தான். சிறு குமிழிகள் பொரிப்பொரியாக வந்தது போதாது என்று தளதளவென்று கொதிக்கும்வரை காத்திருந்தான்.

“இருநூத்து இருபத்தஞ்சு,” என்றார் அப்பா.

“நல்லா கொதிக்குதுல்ல?”

“நல்லாவே கொதிக்குது.”

“அப்ப நூறு.”

இந்தக் கடைசி வார்த்தைதான் யாருடையது என்று தெரியாதது. குன்-ஹோங் மீட்டரின் பொத்தான்களை அழுத்தி இருநூற்று இருபத்தைந்து ஓம் என்றால் நூறு டிகிரி என்று பதித்தான். நூற்று மூன்றில் அலறட்டும் என்றும் பதித்தான். அதற்கப்புறம், ஆஸ்பத்திரிக்கு இறங்கியதைத் தவிர, வேன் தோட்டத்துக்கும் பட்டறைக்கும்தான் ஓடியது; நீண்ட ஏற்றம் எதுவும் ஏறவில்லை.

இப்போது அது அலறியது. நூற்று மூன்று. வளைவு முடிவதற்குள் நூற்று நாலு.

“என்னடா சத்தம்?” என்றாள் யூ-சின்.

“சூடு ஏறுது.” உள்ளே ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டான், என்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளட்டும் என்று. அனல் காற்று வேனுக்குள் வந்து மோதியது. எண் இறங்கவில்லை.

“நிறுத்தப் போறேன்க்கா.”

“நிறுத்தாதடா. போ.”

“ஜூன்ல இப்படித்தான் நிறுத்தாம போனேன். இங்க ஹெட் போச்சுன்னா இங்கயேதான். இழுக்க வண்டி வர அஞ்சு மணி நேரம் ஆகும்.”

அவள் இரண்டு தடவை பையைப் பிசைந்தாள். பிறகு, “மெக்கானிக் நீதான். உனக்குத்தான் தெரியும்,” என்றாள்.

மண்சரிவில் விழுந்த கற்களைக் குவித்திருந்த ஓரத்தில் நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கி முன்மூடியைத் தூக்கினான். மழை என்ஜின் மேல் விழுந்து சிறு சிறு ஆவிகளாக எழுந்தது. அதைத் தவிர வேறு ஆவி இல்லை. துணியைச் சுற்றி ரப்பர் குழாயை அமுக்கிப் பார்த்தான். கொதிக்கிற என்ஜினின் குழாய் கல் மாதிரி இருக்கும். இது இருக்க வேண்டிய அளவுக்குத்தான் விறைப்பாக இருந்தது. தண்ணீர்க் குப்பியில் அளவு குறையவில்லை, குமிழி இல்லை. அவன் மூக்குக்கு வழக்கமான எண்ணெய் வாடையைத் தவிர எதுவும் எட்டவில்லை. கை ஒன்று சொன்னது. எண் வேறொன்று சொன்னது. கையும் மூக்கும் ஜூன் மாதத்தில் அவனைக் காப்பாற்றவில்லை. அவன் எண்ணை நம்பினான்.

கதவு வழியே எட்டி மீட்டரைப் பார்த்தான். நூற்று இரண்டு.

“எவ்வளவு நேரம்?” என்றாள் யூ-சின்.

“தொண்ணூறுக்கு வரட்டும்.”

“எவ்வளவு நேரம்டா?”

“தெரியலக்கா.”

மறுபடி முன்பக்கம் போய் நின்றான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. பத்து வருடமாக யாருடைய வண்டி நின்றாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள், அவனும் போய் எதையாவது முறுக்கி, எதையாவது கட்டி ஓடவைத்திருக்கிறான். இங்கே முறுக்குவதற்கு எதுவும் இல்லை. சும்மா நிற்க வேண்டியிருந்தது. பின்னால் ரப்பர் பையின் ஓசை வந்துகொண்டிருந்தது. தன்னை அறியாமல் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஓசை. ஒரு முட்டைக்கோஸ் லாரி இறங்கி வந்து, வேகத்தைக் குறைத்து, ஓட்டுநர் தலையை நீட்டி, “என்ன, கொதிச்சிடுச்சா?” என்று கத்தினான். குன்-ஹோங் கையை ஆட்டினான். லாரி போய்விட்டது.

பிறகு ஒரு தடவை ஐந்து வரை எண்ணி ஓசை வரவில்லை. ஏழு. பத்து. பதினைந்து. அவன் திரும்பிப் பார்த்திருக்கலாம். முன்மூடி அவன் முகத்துக்கு மேலே இருந்தது. மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு. பை மறுபடி பிசையத் தொடங்கியது, முன்னைவிட ஒரே சீராக.

தொண்ணூறுக்கு வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

ஏறி உட்கார்ந்து ஓட்டினான். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, ஏறினால் காலைத் தளர்த்தி, இறங்கினால் அழுத்தி. கணவாயைத் தாண்டியதும் இறக்கம். எண் தானாகவே கீழே போனது. வேனுக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. ஆனாலும் ஹீட்டரை அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை.

இறக்கத்தில் முதல் பாலம் வந்தது. குன்-ஹோங் வாயைத் திறப்பதற்குள் யூ-சின் சொன்னாள்:

“அப்பா, இது பாலம். பயப்படாம கடந்து வாங்க. எங்க பின்னாலேயே வாங்க.”

உயிரோடு இருப்பவரிடம் பாலம் வருது என்றால் போதும். தெம்புக்காகச் சொல்வது அது. பின்னாலேயே வாங்க என்று கூப்பிடுவது, வழி தெரியாமல் தண்ணீருக்கு இந்தப் பக்கமே நின்றுவிடக்கூடியவர்களை. அது குன்-ஹோங்குக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பிறகு அவனும் சொன்னான்.

“பின்னாலேயே வாங்கப்பா.”

பையின் ஓசை நிற்கவில்லை. ஐந்துக்கு ஒன்று. வீடு வரைக்கும் மூன்று பாலங்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஒரு தடவைகூட அவள் கை மாற்றவில்லை.

முற்றத்தில் அம்மாவோடு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கதவைத் திறந்ததும் உள்ளிருந்த சூடு வெளியே பாய்ந்தது. அம்மா போர்வைக்கடியில் கையை விட்டு அவர் பாதத்தைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். யூ-சின் தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தாள். மழை எல்லார் மேலும் விழுந்தது.

“கால் சூடா இருக்கு,” என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. “தூக்குங்க. உள்ள தூக்குங்க.”

அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாளா என்று குன்-ஹோங் இன்றுவரை கேட்கவில்லை. ஹீட்டர் இரண்டு மணி நேரம் எரிந்த வண்டி. கால் சூடாகத்தான் இருந்திருக்கும்.

வாசற்படியைத் தாண்டும்போது, “அப்பா, வீடு வந்தாச்சு,” என்று குன்-ஹோங் சொன்னான். கூடத்தில் பலகைமேல் கிடத்தினார்கள். அம்மா குனிந்து அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

“வந்து சேர்ந்துட்டியா மனுஷா? நல்ல நேரத்துக்கு வந்தே. மழைன்னு சாக்குச் சொல்லுவியோன்னு நெனச்சேன்.” பிறகு யூ-சின்னின் மணிக்கட்டைத் தொட்டாள். “விடும்மா. போதும்.”

யூ-சின் விட்டாள். விரல்கள் விரியவில்லை. பையைப் பிடித்த மாதிரியே வளைந்து நின்றன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக மறு கையால் நீட்டிவிட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அழுகை கிளம்பியது.

சுகாதார நிலையத்து டாக்டர் அரை மணி நேரத்தில் வந்தார். ஆகஸ்டில்தான் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தைத் தொட்டார், தாடையை லேசாக அசைத்துப் பார்த்தார். அது விறைக்கத் தொடங்கியிருந்தது; அதில் கொஞ்சம் நிதானித்தார். பிறகு காகிதத்தை எடுத்தார்.

“எத்தன மணிக்கு?”

“நாலு பத்து,” என்றாள் யூ-சின்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நாலு பத்து என்று எழுதினார்.

கால்மாட்டில் சோற்றுக் கிண்ணமும் அதன் மேல் வாத்து முட்டையும் வந்துவிட்டிருந்தன. குன்-ஹோங் கீழே உட்கார்ந்து செத்தவருக்கான காகிதப் பணத்தை ஒவ்வொரு தாளாகக் கனலில் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா, மழையில் வந்தவருக்கு டீயாவது தர வேண்டுமே என்று மூலை மேசையிலிருந்த மின் கெட்டிலைப் போட்டாள். போன புதுவருடத்துக்கு யூ-சின் வாங்கித் தந்தது, சூட்டைக் காட்டும் கெட்டில். டாக்டர் அதன் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் குதித்தது. மூடி ஆடியது.

“கெட்டில் ரிப்பேராம்மா? இப்படிக் கொதிக்குது, தொண்ணூத்தி மூணுலயே நிக்குதே.”

“ரிப்பேர் எல்லாம் இல்ல டாக்டர். இந்த உயரத்துல அவ்வளவுதான் வரும். நீங்க புதுசு. இங்க யார் வீட்டுலயும் தண்ணி நூறைப் பார்த்ததே இல்ல.”

“அட, ஆமாம். படிச்சிருக்கேன். மறந்தே போச்சு.”

குன்-ஹோங்கின் கையில் ஒரு தாள் எரிந்துகொண்டிருந்தது. விரலைச் சுட்டதும் விட்டான்.

அவனும் படித்திருக்கிறான். ஆறாம் வகுப்பில், இந்த ஊர்ப் பள்ளியில், பரீட்சையில் சரியாகவே எழுதியிருக்கிறான். அவன் அம்மா அவன் பிறந்ததிலிருந்து பிரஷர் குக்கரில்தான் சோறு வைக்கிறாள். தொண்ணூற்று மூன்றை நூறு என்று பதித்துவிட்டான். அப்படியென்றால் மலையில் நூற்று நாலு என்று அலறியபோது என்ஜின் இருந்தது தொண்ணூற்றேழில். ஏற்றத்தில் பாரம் இழுக்கிற எந்த வேனும் இருக்கக்கூடிய சூடு. நின்றிருக்கவே வேண்டாம். முப்பத்தைந்து நிமிடமும் என்ஜினுக்கு ஒன்றுமே இல்லை.

எதிரில் அப்பாவின் பாதங்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. அம்மா காலுறை மாட்டியிருந்தாள்.

யூ-சின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கட்டுத் தாளை எடுத்துப் பிரித்தாள். வலது கையால் முடியாமல் இடது கைக்கு மாற்றினாள். டாக்டரும் அம்மாவும் டீயோடு வாசல் பக்கம் போனபின், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“உன் முகத்தைப் பார்த்தா தெரியுது, மனசுக்குள்ள போட்டு உருட்டுறே. நீ நிறுத்தினது சரிதான் தம்பி. நிறுத்தாம போயிருந்தா வண்டி போயிருக்கும். நடுரோட்டுல அவரை வெச்சிக்கிட்டு நின்னிருப்போம். நீ நிறுத்தினதாலதான் அவர் உள்ள படுத்திருக்காரு.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் ஒரு மணி நேரம் பிசைந்ததெல்லாம் என்னவாகும் என்று தெரியவில்லை.

“ம்,” என்றான்.

“சாப்பிட்டியா?”

“இல்ல.”

“நானும் இல்ல,” என்றாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தரை மணிக்குப் பந்தல்காரர் இரும்புக் குழாய்களோடு வந்தார். முற்றத்தை அளந்துவிட்டு, வெளியே வந்த குன்-ஹோங்கிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“உள்ளயா, வெளியயா?”

“உள்ள.”

“குடுத்து வெச்ச மனுஷன். போன வாரம் ஒரு வீட்டுல மூச்சு வளைவுலயே போயிடுச்சு. வெளியதான் போட்டோம். மழையில பொண்டாட்டி குடை பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா.” ஒரு குழாயை அவன் கையில் கொடுத்தார். “இதைக் கொஞ்சம் நேரா பிடி. சாயக் கூடாது.”

குன்-ஹோங் பிடித்துக்கொண்டான். அவர் நாலு மூலையிலும் கயிறு கட்டி முடிக்கும்வரை, இடமோ வலமோ சாயாமல், மழையில் நின்றான்.

பன்னிரண்டாம் நாள் லாய் தியென்-ஃபாவை எரித்து, சாம்பலை யீலானில் அவர் பெற்றோர் பக்கத்தில் வைத்தார்கள். யூ-சின் காப்பகத்துக்குத் திரும்பினாள். மணிக்கட்டு வலி வசந்தம்வரை இருந்தது. இப்போது அங்கே மேற்பார்வையாளராக இருக்கிறாள். அம்மா மூன்று குளிர்காலம் தோட்டத்தைத் தானே பார்த்துக்கொண்டாள், பிறகு குத்தகைக்கு விட்டாள். மகள் கூப்பிட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. டாக்டர் மறு வருடம் மாற்றலாகிப் போனார். குன்-ஹோங்குக்கு முப்பத்தொன்பது வயதில் கல்யாணமாகி ஒரு பெண்குழந்தை இருக்கிறது. பட்டறையும் நடக்கிறது. அக்காவிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. வேனை நான்ஷானில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். என்ஜின் நன்றாக இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.